கை உயர்த்தும் முன் கணக்கைக் கேளுங்கள்: இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தின்போதும் ஊரில் எழும் முதல் கேள்வி, "எதுக்கு விலை குறையுது?" என்பதுதான். மக்கள் அப்படிக் கேட்பது நியாயம். அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டியவர்கள் நீங்கள். அரச நிதியின் முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே என்கிறது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை.

2019 கடைசியில் வற் எனும் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. வருமான வரிச் சலுகைகள் 2020 ஜனவரியிலிருந்தே நடைமுறைக்கு வந்தன. அதற்கான திருத்தச் சட்டம் சபையில் நிறைவேறியதோ 2021இல். உங்களில் பலர் அப்போது சபையில் இல்லை, சரி. ஆனால் சபை இருந்ததே! 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தினோம். கொரோனாவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. கூரையை நாமே பிரித்துவிட்டு மழையைத் திட்டி என்ன பயன்? இன்று வற் 18 வீதம். அன்று வரிச் சலுகையால் பெரிதாக லாபம் பார்த்தவரும், இன்று பிள்ளைக்குக் கொப்பி வாங்குபவரும் கடையில் கட்டுவது அதே வீதம்தான்.

மண்ணெண்ணெய்க் கதையையும் பாருங்கள். லீற்றர் 87 ரூபாயாக இருந்தது, 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் 340 ஆனது. படகை வைத்திருக்கும் கடற்றொழிலாளி என்ன செய்வார்? மானியம் கொடுத்தது பிழையல்ல. அதை வரவு செலவுத் திட்டத்தில் மானியமென்று காட்டாமல், பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் நட்டமாகவும் அரச வங்கிகளின் கடனாகவும் ஒளித்து வைத்ததுதான் பிழை. வெளியே தெரிந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகவாவது ஏற்றியிருக்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டு நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறையை 2006க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 5 வீதத்துக்குள் கொண்டுவரச் சொன்னது. முடியவில்லை, பிறகு சட்டத்தையே திருத்தினார்கள். இப்போது 2024ஆம் ஆண்டுச் சட்டம், வட்டி தவிர்ந்த அரச செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 வீதம் என்று எல்லை போட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் நிற்பதற்காக முதலில் ஆஸ்பத்திரி மருந்திலும் கிராமத்து வீதியிலும் கை வைத்தால், அதற்குப் பெயர் பொறுப்பல்ல.

ஆகவே ஒன்று கேட்கிறோம். எந்த வரிச் சலுகை வந்தாலும், வரவு செலவுத் திட்டத்துக்கு மேல் பணம் கேட்கும் எந்தக் குறைநிரப்பு மதிப்பீடு வந்தாலும், அதனால் எவ்வளவு போகும், அதை யார் ஈடு செய்வார் என்ற தாள் மேசைக்கு வரும்வரை வாக்களிக்காதீர்கள். கூட்டுத்தாபனங்களின் நட்டமும் திறைசேரி பிணை நின்ற கடன்களும் அதே தாளில் இருக்கட்டும். ஆளும் கட்சியில் இருப்பவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறோம். எதிர்க்கட்சி எப்படியும் கேட்கும்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து வாக்காளர் ஒருவர்