'ஆல்' வேறு, முன்நிபந்தனை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோலாலம்பூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடத்தப்படும் நிரலாக்க வகுப்புகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் பயிற்சித் தாள்களில் ஒன்று உண்மையா என்று நிரலே சோதிக்கும் 'இஃப்' கட்டளையையும், நிரல் சரியாக இயங்க முன்கூட்டியே உண்மையாக இருந்தாக வேண்டிய 'ப்ரீகண்டிஷன்' எனப்படும் முன்நிபந்தனையையும் 'நிபந்தனை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். இதைத் திருத்த வேண்டும்.

'மழை பெய்தால்' என்னும்போது 'ஆல்' வந்த இடத்திலேயே நிபந்தனை முடிந்துவிடுகிறது. ஆங்கில 'இஃப்' தொடக்கத்தை மட்டுமே காட்டும். அது வாக்கியத்தின் தலையில் வந்தால், நிபந்தனை முடியும் இடத்தில் காற்புள்ளி இட வேண்டும். பின்பாதியில் வந்தால் பொதுவாக வேண்டியதில்லை. பைத்தான் நிரல்மொழியில் அந்த வேலை முக்காற்புள்ளிக்கு (:). அதை விட்டால் நிரல் ஓடவே ஓடாது. 'இதுதான் நம் ஆல்' என்று சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

முன்நிபந்தனை அப்படியன்று. நடு எண்ணைப் பார்த்து, தேடும் எண் சிறியதானால் இடப்பாதியிலும் பெரியதானால் வலப்பாதியிலும் தேடிப் போவது பைனரி தேடல். அதற்குப் பட்டியல் ஏறுவரிசையில் இருந்தாக வேண்டும். 7, 3, 9, 1, 5 என்று கலைந்த பட்டியலில் 3-ஐத் தேடச் சொல்லுங்கள். நடுவில் இருப்பது 9; 3 அதைவிடச் சிறியது என்று இடப்பக்கம் போகும். அங்கே முதலில் உள்ள 7-ஐப் பார்க்கும்; 3 அதைவிடவும் சிறியது என்று இன்னும் இடப்பக்கம் போகும். அதற்கப்பால் ஒன்றுமில்லை. '3 இல்லை' என்று விடை வரும். 3 இரண்டாம் இடத்திலேயே இருக்கிறது! பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து.

அப்படியானால் தேடுமுன் 'இஃப்' வைத்து வரிசையைச் சோதிக்கலாமே என்பார்கள். ஆயிரம் எண்களில் பைனரி தேடல் அதிகம் போனால் 10 எண்களைப் பார்க்கும். வரிசை சரிதான் என்று உறுதிசெய்ய 999 ஒப்பீடுகள் வேண்டும். தேடலின் பயனே போய்விடும்.

'பட்டியல் வரிசையாக இருந்தால் தேடு' என்பது வினையெச்சம். சோதிப்பது நிரலின் வேலை. 'வரிசைப்படுத்திய பட்டியலில் தேடு' என்பது பெயரெச்சம். வரிசைப்படுத்தித் தருவது கொடுப்பவரின் பொறுப்பு. கணினி அறிவியலாளர் டோனி ஹோர் 1969-இல் நிரலின் சரித்தன்மையை நிறுவ முன்நிபந்தனையைத் தனியே எழுதிக் காட்டினார். பெர்ட்ரண்ட் மேயர் உருவாக்கிய ஐஃபெல் நிரல்மொழியில் அதற்கென்றே 'ரிக்வயர்' என்ற பகுதி உண்டு.

பைத்தானில் முன்நிபந்தனையைச் செயற்கூற்றின் (ஃபங்ஷன்) தலையில் விளக்கக் குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். நிபந்தனை பொய்யானால் பிழை காட்டும் 'அசர்ட்' கட்டளை சோதனைக் காலத்துக்கு உதவும். ஆனால் '-ஓ' (-O) என்ற விருப்பத்தைச் சேர்த்து நிரலை ஓட்டினால் அது மறைந்துவிடும். பயனர் தட்டச்சிடும் தரவுக்கு அதை நம்பக்கூடாது, அங்கே 'இஃப்' தான் வேண்டும்.

அடுத்த பயிற்சித் தாளிலாவது இரண்டுக்கும் இரண்டு சொற்களைப் பயன்படுத்துமாறு ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நிரலாக்கப் பயிற்றுநர்,
செந்தூல், கோலாலம்பூர்