ராயகடாவில் இருக்கும் மகளுக்கு

குலசேகரம்,
மாசி மாதம்.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். சிவராத்திரிக்கு அண்ணன் இந்த வருஷமும் சிவாலய ஓட்டம் ஓடினான். முன்சிறையில் தொடங்கி 12 கோயிலும் ஓடி, திருநட்டாலத்தில் முடிக்கும்போது உள்ளங்கால் முழுக்கக் கொப்பளம். காரில் போயேன் என்று சொன்னால் கேட்கிற ஆளா அவன்? கோட்டாறு சித்தி காரியம் ஒருவழியாய்ப் பேசி முடிந்தது. அதை நேரில் சொல்கிறேன்.

கொசுவலைக்குள்தானே படுக்கிறாய் மக்களே? ஒடிசாவில் நீ வேலை பார்க்கிற அந்த மலையில் இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் மலேரியா. இரண்டு நாள் படுத்துப் பார்ப்போம் என்று விட்டால் மூளைக்கு ஏறிவிடும். காய்ச்சல் அடிக்கிற அன்றைக்கே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மலேரியா சோதனை அட்டையில் பார்க்கச் சொல்லு. ஊரில் சுகாதார வேலை பார்க்கிற ஆஷா பெண்கள் கையில் அந்த அட்டை இருக்கும். ஃபால்சிபாரத்துக்குக் கோடு விழுந்தால் ஏசிடி என்கிற மலேரியா மாத்திரை 3 நாளும் முழுசாகத் தின்னவேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தப்பிடாது. நான் சுகாதார சப்-சென்டரில் வேலை பார்த்தபோது ஊருக்கெல்லாம் இதைச் சொன்னேன், கேட்டார்கள். சொந்த மகளிடம் சொன்னால் ‘தெரியும்மா’ என்கிறாய். தெரிந்தால் செரி. வலை கிழிந்திருந்தால் உடனே தைத்துப் போடு.

பொங்கலுக்குப் பேசினபோது, “மார்ச் வரைக்கும் வேலை ஜாஸ்திம்மா” என்று சொல்லி வைத்தாய். அதற்குப் பிறகு உன் குரலே கேட்கவில்லை. நான் வாட்ஸ்அப்பில் என்ன எழுதினாலும் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். அவள் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் திருவட்டாறில் கல்யாணம். மேலவீட்டு மாமி எல்லோர் முன்னாலும் கேட்டாள், மகளுக்கு அங்கே என்ன வேலை என்று. திட்ட ஒருங்கிணைப்பாளர் என்றேன். அப்படியென்றால் என்ன என்றாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் பொறுமையாகச் சொன்னேன். ஒடிசாவில் நியாம்கிரி மலையில் டோங்ரியா கோந்து மக்கள் இருக்கிறார்கள், அவர்கள் பயிர் செய்கிற காட்டு நிலத்துக்கு 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமை கேட்க வேண்டுமென்றால் முதலில் அவர்கள் கிராமசபை கூடித் தீர்மானிக்க வேண்டும், பிறகு கோட்டக் குழு, அதன் பிறகு மாவட்டக் குழு, பட்டா கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் வரும், நாலு ஹெக்டேர் வரைக்கும் உண்டு, அதை விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும். ஊருக்குப் பொதுவான காட்டுக்கு வேறே மனு. இத்தனைக்கும் காகிதம் சேர்த்து, எல்லை நடந்து, வரைபடம் போட்டு, எந்த ஆபீஸில் எந்த மனு நிற்கிறது என்று பின்னால் அலைகிறவள் என் மகள் என்றேன். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். மாமி கடைசியில், “பென்ஷன் உண்டா?” என்றாள்.

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் ராத்திரி எனக்கும் அதேதான் மனதில் ஓடியது. எம்.எஸ்.டபிள்யூ. முடித்தபோதே குரூப் தேர்வு எழுது என்று அப்பா எத்தனை சொன்னார். வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தை நம்பி ஒரு பெண்பிள்ளை அத்தனை தூரம் போகணுமா? இதை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அப்பா இப்போது அதெல்லாம் பேசுவதில்லை, கேட்டியா. 2013-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லி 12 கிராமசபை கூடி, எங்கள் மலையில் பாக்சைட் தாது தோண்ட வேண்டாம் என்று 12-ம் ஒரே வாயாகச் சொன்னதே, அந்தக் கதையை டீக்கடையில் அவர் சொல்லாத ஆள் இல்லை. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ஆனாலும் உனக்க மலை என்றுதான் சொல்லுவார்.

நம்ம மலையில் இருக்கிற பழங்குடி காணிக்காரர்களுக்கும் அதே சட்டம்தானே. இங்கே கோர்ட்டுத் தடையில் கிடந்து, 2016-க்குப் பிறகுதான் நகர ஆரம்பித்தது. நான் பேச்சிப்பாறை அணையில் வள்ளம் ஏறி அக்கரைக் குடிகளுக்குப் போன காலத்தில் இந்தச் சட்டமே கிடையாது. ஊர்த் தலைவர் மூட்டுக்காணியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வீடுகளுக்குப் போவேன். மழை பிடித்தால் வள்ளம் வராது, அங்கேயே தங்கி மரச்சீனியும் கட்டன் சாயாவும் குடித்துவிட்டு மறுநாள் இறங்குவேன். உனக்கு அதெல்லாம் தெரியும். உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது.

அங்கே ஒரு திட்டம் வந்தது. யாருடைய திட்டம் என்பது இப்போது வேண்டாம். வீட்டுக்கு வீடு தேன்பெட்டி கொடுத்தார்கள், பெண்களைக் குழுவாகச் சேர்த்தார்கள். ஒருங்கிணைக்க ஒரு பையன் வருவான், நல்ல பிள்ளை. பெட்டி தூக்குவான், எறும்பு ஏறாமல் காலுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைத்துக் கொடுப்பான், குடியில் எல்லோர் பெயரும் அவனுக்குத் தெரியும். தேனை அடிவாரத்தில் கொண்டுபோய் விற்றுப் பணம் கொண்டுவந்து கொடுப்பதும் அவன்தான். ஒரு பங்குனியில் அவன் வரவில்லை. அடுத்த மாசமும் வரவில்லை. குழுவின் கணக்கு நோட்டு அவனிடம். எடுத்து வைத்த தேன் குடங்களில் நுரைக்க ஆரம்பித்தது. நான் மலையேறும் ஒவ்வொரு தடவையும் பெண்கள் என்னைக் கேட்டார்கள், சாருக்குச் சுகமில்லையா, நாங்கள் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டோமா என்று. நிதி முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பையனுக்குச் சொல்ல வாய் வரவில்லை போல. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, சின்னப் பிள்ளை. ஆனால் அடுத்து வேறொரு திட்டம் என்று ஆட்கள் வந்தபோது அந்தப் பெண்கள் ஒருத்திகூட வெளியே வரவில்லை. தடுப்பூசிக்கு என்னிடம் வருகிறவர்கள்கூடக் கொஞ்ச நாள் தயங்கினார்கள்.

அதனால் சொல்கிறேன் மக்களே. எந்தத் திட்டத்துக்கும் ஒரு மார்ச் 31 உண்டு. ஆபீஸில் இறுதி அறிக்கையும் செலவுச் சான்றும் கேட்பார்கள், அதைக் கொடு. அதற்கு முன்னால் நீயே ஊர் ஊராகப் போ. கிராமசபையில் நின்று, இன்ன தேதியோடு முடிகிறது, உங்கள் மனு இந்த மேஜையில் நிற்கிறது, அடுத்து இவரைப் பார்க்கணும் என்று அவர்களுடைய குவி மொழியிலேயே சொல்லு. அவர்கள் பேச்சைத்தான் நீ படித்துவிட்டாயே. மனு நகல், ஒப்புகைச் சீட்டு, வரைபடம் எல்லாவற்றையும் அவர்களுடைய வன உரிமைக் குழு கையில் கொடுத்துவிடு. உன் ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு வரப்பிடாது. கூட வருகிற அந்தப் பெண்ணுக்கு, போட்டோவில் காட்டினாயே பத்தாவது படித்த பிள்ளை, அவளுக்கு ரெஜிஸ்டர் எழுதவும் ஆபீஸில் நின்று கேட்கவும் இப்போதே பழக்கு. முடிந்தால் கோட்டாட்சியர் ஆபீஸுக்கு அவளை முன்னால் நடக்கவிட்டு நீ பின்னால் போ. உன் வேலையை அவள் பார்க்கிற நாள் வந்தால் நான் மாமியைத் தேடிப்போய்ச் சொல்வேன்.

போகிற ஊரில் எல்லாம் வலையை எடுத்துக்கொண்டு போ.

இப்போது கேட்டுவிடுகிறேன். அண்ணனிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? வேலை முடிகிறதென்றால் முடிகிறது. வேறே வேலை தேடுகிறாயா, அங்கேயே இருக்கப் பார்க்கிறாயா, இல்லை இந்த வேலையே வேண்டாம் என்று மனம் விட்டுவிட்டதா? எதுவானாலும் நானும் அப்பாவும் தாங்குவோம். இப்படித் தெரியாமல் இருப்பதுதான் முடியவில்லை. ஏழு பேர் கேட்கிறார்கள், எட்டாவதாக நானும் மாமி மாதிரி கேட்டுவிடுவேன் என்று பயந்தாயோ?

ஏத்தங்காய் வற்றலும் கருப்பட்டியும் பார்சலில் போட்டிருக்கிறேன். நல்லமிளகு நம்ம கொடியில் பறித்தது. இரண்டு கொசுவலையும் வைத்திருக்கிறேன், ஒன்று அந்தப் பிள்ளைக்கு.

மண்டைக்காட்டுக் கொடை முடிந்ததும் அப்பா அங்கே வர வேண்டும் என்கிறார். விவேக் எக்ஸ்பிரஸில் ஆந்திராவிலுள்ள விஜயநகரம் வந்து அங்கிருந்து ராயகடா வண்டி பிடிக்கலாமாம், விசாரித்து வைத்திருக்கிறார். சாமான் கட்டித் தூக்கிவர வேண்டுமா, இல்லை சும்மா நாலு நாள் இருந்து உன் மலையைப் பார்த்துவிட்டு வரவா, அதை மட்டும் போனில் சொல்லு. அதற்குத் தக்கபடி டிக்கெட் போடணும். அவருக்கு இந்தியும் தெரியாது ஒடியாவும் தெரியாது, விஜயநகரம் ஸ்டேஷனுக்கு நீ வந்து நிற்கணும்.

அம்மா