கொளல் வினாவும் ஐய வினாவும்

அன்புள்ள மாலதி,

தீபாவளி அட்டைக்குக்கூடப் பதில் போடவில்லை, நன்றாகத் திட்டு. அம்மாவின் முட்டி வலி எப்படி?

உயர்நிலை 2 வகுப்புக்குக் கருத்தறிதல் பயிற்சி கேட்டால் ஏஐ சப்பென்று எதையோ தருகிறது என்கிறாய். தாடி சார் நன்னூலின் ஆறு வினாவையும் உருப்போட வைத்தாரே, அதை நினைத்துப் பார். தேக்கா சந்தையில் "பருப்பு இருக்கா?" என்றால் கடைக்காரர் பொட்டலத்தை எடுத்துவிடுவார், வாங்குவதற்காகக் கேட்கும் கொளல் வினா என்று அவருக்குத் தெரியும். ஏஐக்கு உன் வகுப்பு தெரியாது. யாருக்கு, எதற்கு என்று நீ சொல்லாததால் பொதுவாக ஒன்றைத் தந்தது.

இப்படிக் கேள்: "வயது 14, வீட்டில் ஆங்கிலம் பேசும் மாணவர்கள். ஈரச்சந்தை பற்றி 150 சொல்லில் பத்தி. ஐந்து வினா; மூன்றுக்கு விடை பத்தியிலேயே இருக்கட்டும், இரண்டுக்கு ஊகிக்க வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் ஆதார வரியைக் காட்டு." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதே, பத்தியில் இல்லாததைக் கேட்டிருந்தால் அங்கேதான் பிடிபடும். உன் பழைய வினாக்களில் இரண்டு மூன்றை மாதிரியாக ஒட்டு. சொற்களை நீயே எண்ணு: அது டோக்கன் என்ற துண்டுகளாகப் படிக்கிறது, ஒரு தமிழ்ச்சொல்லே பல துண்டாகிவிடும்.

நன்னூல் சொல்லும் எட்டு விடைகளில் எதிர்வினாவும் ஒன்று. ஏஐ பெரும்பாலும் தானாகக் கேட்காது. "எழுதுமுன் தெரியாததை என்னிடம் கேள்" என்று சேர்த்துவிடு.

எனக்குக் கவலை வேறு. "இது சரிதானே?" என்று கேட்கிறாய், மாலதி. மனிதருக்குப் பிடித்த பதிலை நோக்கிப் பழக்கப்பட்டது அது. நீ சாயும் பக்கமே சாயும். இதுவா அதுவா என்று கேட்கும் ஐய வினாவாக்கு: "வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? இரண்டுக்கும் உள்ள வாதங்களைச் சொல், பிறகு ஒன்றைத் தேர்ந்தெடு." உன் விருப்பத்தைக் காட்டாதே. நூற்பா எண் சொன்னால் நூலைத் திறந்து பார். இல்லாத நூற்பாவையும் அதே உறுதியோடு எழுதும். பிள்ளைகள் அதைத்தான் மனப்பாடம் செய்வார்கள்.

இரண்டு முறை திருத்தியும் சரிவராவிட்டால் புது உரையாடல் தொடங்கு. பழைய பிழை அங்கேயே கிடந்து அடுத்த பதிலையும் இழுக்கும்.

சாவித்திரியிடம் சொல்: பழமொழித் தாளுக்குப் பழமொழிகளை அதனிடம் கேட்க வேண்டாம், தன் பட்டியலை ஒட்டி வினாக்களை மட்டும் கேட்கட்டும். மார்ச் விடுமுறைக்குள் உன் தாளை அனுப்பு, வரிவரியாகப் பார்க்கிறேன்.

அன்புடன்,
கலா