தெங்காவில் ஒரு சுவர் கேட்டு

தெங்கா வசிப்போர் குழுவினருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் இந்தப் புதிய நகரில் நம் வட்டாரங்களுக்குப் பெயர் வைத்தபோது பழைய தோட்டங்களை நினைத்து ‘பிளாண்டேஷன்’ என்றும், செங்கல் சூளைகளை நினைத்து ‘பிரிக்லேண்ட்’ என்றும் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் தெங்கா விமானத்தளத்தின் கதை எந்தப் பெயரிலும் இல்லை. தினமும் ஜெட் சத்தம் மட்டும் கேட்கிறது. ஏதாவது ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் அந்தக் கதைக்கு ஒரு சுவர் ஒதுக்கித் தாருங்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

1939இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 62ஆம் அணி பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களோடு தெங்காவுக்கு வந்தது. 1941 தொடக்கத்தில் அது மலாயாவில் கெடாவிலுள்ள அலோர் ஸ்டாருக்கு மாறியது. அந்த அணியின் விமானி ஆர்தர் ஸ்கார்ஃப். வயது 28.

1941 டிசம்பர் 8 விடியுமுன் சிங்கப்பூர்மீது முதல் குண்டுகள் விழுந்தன. தெங்காவும் தப்பவில்லை. மறுநாள் அந்த அணிக்கு, மலாயாவின் பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பி, ஜப்பானியர் பிடித்திருந்த தாய்லாந்தின் சிங்கோரா விமானத்தளத்தைப் பட்டப்பகலில் தாக்கும்படி உத்தரவு. ஸ்கார்ஃப் மேலே எழும்பியதுமே ஜப்பானிய விமானங்கள் வந்து, கீழே நின்ற மற்ற விமானங்களை அடித்து நொறுக்கிவிட்டன. துணைக்கு இனி யாரும் வரப்போவதில்லை. அவர் திரும்பியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. தனியாகவே போனார், குண்டுகளைப் போட்டார்.

அந்தத் தாக்குதலால் போரின் போக்கு ஒன்றும் மாறவில்லை. சுவரில் அதைப் பெரிதாக்கி எழுத வேண்டாம். என்னை உலுக்குவது திரும்பி வந்த வழிதான். எதிரி விமானங்கள் துரத்தித் துரத்திச் சுட்டதில் அவருடைய கை சிதைந்துபோனது, முதுகிலும் பலத்த காயம். விமானத்தில் கூட இருந்த வீரர்கள் கால்டரும் ரிச்சும் அவர் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிலையிலும் மலைகளையும் மரங்களையும் ஒட்டித் தாழப் பறந்து, அலோர் ஸ்டாரில் வயற்காட்டில் விமானத்தை இறக்கினார். மற்ற இருவருக்கும் காயமில்லை. அன்றே அவர் இறந்துவிட்டார்.

அங்கிருந்த மருத்துவமனையில் தாதியாக இருந்தவர் அவருடைய மனைவி எலிசபெத். எல்லோரும் சாலி என்றுதான் கூப்பிடுவார்கள். கணவருக்கு ரத்தம் கொடுத்தார் சாலி.

போன ஆண்டு நானும் என் மனைவியும் மலேசியாவிலுள்ள தைப்பிங் போர்க் கல்லறைக்குப் போனோம். ஸ்கார்ஃப் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவர் பகுதி, மறுபக்கம் இந்து, முஸ்லிம், கூர்க்கா வீரர்களின் பகுதி. இரண்டு பக்கமும் நடந்தோம். பெயர் தெரியாதவர்களின் கற்களே அதிகம். என் மனைவி முப்பது ஆண்டு தாதியாக வேலை பார்த்தவர். ஸ்கார்ஃபின் கல்லுக்கு முன்னால் குனிந்து, அதன்மேல் ஒட்டியிருந்த காய்ந்த இலையை விரலால் தள்ளிவிட்டார். அப்புறம், “சொந்தப் புருஷனுக்கு ரத்தம் கொடுத்துட்டு, பக்கத்துல நின்னுக்கிட்டே இருந்திருப்பாங்க இல்ல?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15இல் விழுந்தது. மலாயாவே கைவிட்டுப் போன குழப்பத்தில் ஸ்கார்ஃப் செய்தது உரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் 1946 ஜூனில்தான் அவருக்கு அறிவிக்கப்பட்டது. லண்டனில் சாலிதான் அதை வாங்கிக்கொண்டார். பதக்கம் இப்போது அங்கே ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமக்கு மிச்சம் அவர் அணி முதலில் வந்து இறங்கிய இந்தத் தளம்தான்.

“காலனி ஆட்சிக்காரன் கதை நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர் அந்த ஆட்சியின் அதிகாரிதான், அதையும் சுவரில் எழுதுங்கள். தைப்பிங்கில் சாலையின் மறுபக்கம் கிடப்பவர்களைப் பற்றியும் எழுதுங்கள். கிராஞ்சி போர் நினைவிடம் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. அங்கே கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன, அவர்களில் ஏராளமானோர் இந்தியப் படையினர். சுவரைப் பார்க்கும் பிள்ளைகள் அங்கேயும் போய்ப் பார்க்க வழிகாட்டுங்கள்.

இரண்டு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்கார்ஃபின் பெயரோடு கால்டர், ரிச், சாலி மூவரின் பெயரும் இருக்க வேண்டும். வாசகம் நான்கு மொழியிலும் இருக்க வேண்டும், தமிழ் எழுத்து மற்ற மூன்றின் அளவிலேயே வேண்டும். தமிழ் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். ரத்தம் கொடுத்த வரியை மட்டும் என் மனைவி எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தெங்காவில் குடியிருக்கும் ஒரு தமிழர்