ஆண்டு நிறைவுக் கடிதம்: நாடகப் பயணமும் கைப்பேசியும்

நியூ ஜெர்சி
ஜூன் 10, 2014

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பள்ளி ஆண்டு நல்லபடியாக முடிகிறது. ஆண்டுவிழா சிறப்பாக நடந்தது, குறள் போட்டியில் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள், தேர்வுகளும் முடிந்துவிட்டன. வாராவாரம் வந்து பாடம் நடத்திய தன்னார்வ ஆசிரியர்களுக்கு நன்றி.

சென்ற மாதம் மேல்வகுப்புப் பிள்ளைகளை மன்ஹாட்டனுக்கு அழைத்துப்போய் 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தைக் காட்டினோம். லொரெயின் ஹான்ஸ்பெரி எழுதி 1959-இல் எத்தல் பேரிமோர் அரங்கில் மேடையேறிய நாடகம். இப்போது அதே அரங்கில், டென்சல் வாஷிங்டன் நடிப்பில் மறுபடி நடக்கிறது. பழைய நாடகத்தை மறுபடி மேடையேற்றியதற்கான டோனி விருது இந்த ஞாயிறன்று அதற்குக் கிடைத்தது. சிகாகோவில் இட நெருக்கடியான வீட்டில் மூன்று தலைமுறைக் கறுப்பினக் குடும்பம். அப்பா இறந்து வரும் 10,000 டாலர் காப்பீட்டுப் பணத்தை என்ன செய்வது என்று வீட்டுக்குள் சண்டை. நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர்கள் கூடத்தைவிட்டுப் போனால்தான் சிறுவன் டிராவிஸுக்குப் படுக்க இடம். அவனைப் பற்றி ஒரு மாணவர் தமிழில் எழுதிய விமர்சனத்தை ஆசிரியர்கள் எல்லாரும் வாங்கிப் படித்தோம்.

சரி, ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாடகத்தில், அந்த வீட்டு மகன் வால்டர் கூட்டாளியை நம்பிக் கொடுத்த பணம் பறிபோன சேதி வருகிறது. தங்கையின் மருத்துவப் படிப்புக்கு ஒதுக்கியதும் அதோடு போய்விட்டது. தாய் மகனை அடிக்கிறாள். அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து நம் வரிசையில் அடுத்தடுத்துக் கைப்பேசிகள் ஒளிர்ந்தன. ஒன்று அதிர்ந்து கீழேயே விழுந்தது. 'எத்தனை மணிக்கு முடியும்?', 'பஸ் கிளம்பியாச்சா?' என்று வீட்டிலிருந்து வந்த செய்திகள். முன்வரிசையில் ஒரு மூதாட்டி திரும்பிப் பார்க்க, பிள்ளைகள் கூனிக்குறுகிப் போனார்கள். பதில் போடாவிட்டால் அம்மா பயந்துவிடுவார் என்றாள் ஒரு மாணவி.

பிள்ளை இரவில் வெளியே இருந்தால் மனம் அடித்துக்கொள்வது இயல்புதான். ஆனால் மேடையில் இருப்பது சினிமா அல்ல, ரத்தமும் சதையுமான மனிதர்கள். இருட்டில் எரியும் திரை அவர்கள் கண்ணில் படும். அரங்கில் தடை என்று தெரிந்தும், துணைக்கு வந்த சிலரே படம் எடுத்தது வருத்தம் தந்தது. இதில் இனி விட்டுக்கொடுக்க மாட்டோம். அடுத்த ஆண்டு முதல் பெற்றோர் உட்பட எல்லாரும் கைப்பேசியை அணைத்து, பஸ்ஸிலேயே பொறுப்பாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். சம்மதிக்காதவர்களை அழைத்துப்போக இயலாது.

அவசரத்துக்கு ஓர் எண் தருகிறோம். ஓர் ஆசிரியர் அரங்குக்கு வெளியே அதை வைத்துக்கொண்டு இருப்பார். இடைவேளையிலும் பஸ் கிளம்பும்போதும் உங்களுக்குச் செய்தி வரும்.

புளியோதரைப் பொட்டலம் கட்டித் தந்தவர்களுக்கும், நள்ளிரவு வரை வண்டி நிறுத்துமிடத்தில் பொறுமையாகக் காத்திருந்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லாமல் இந்தப் பயணம் நடந்திருக்காது. நாடகம் வரும் ஞாயிறு, 15-ஆம் தேதியோடு முடிகிறது. முடிந்தவர்கள் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்