சுலோசனாவுக்குச் சிக்கல் குரல் அல்ல, மொழி

ஆசிரியருக்கு,

பேசும் படம் வந்ததும் மௌனப்பட நடிகைகள் ‘குரல் சரியில்லாமல்’ ஒதுங்கிவிட்டார்கள் என்று ஞாயிறு மலர்க் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. பம்பாய் இம்பீரியல் கம்பெனி நட்சத்திரம் சுலோசனாவுக்கு அது பொருந்தாது. ரூபி மையர்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட அவர் பாக்தாதி யூதர்; இந்துஸ்தானி சரளமாக வராது. மௌனப்படத்தில் எழுத்து அட்டை பேசிவிடும், நடிகை எந்த மொழியில் வாயசைத்தாலும் கவலையில்லை. 1931 மார்ச் 14 அன்று வெளியான இந்தியாவின் முதல் பேசும் படம் ‘ஆலம் ஆரா’வுக்கு அதே கம்பெனி சுலோசனாவை விட்டு நடிகை ஜுபைதாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான்.

அன்றைய டனார் என்ற ஒலிப்பதிவுக் கருவியில் படமும் ஒலியும் ஒரே நெகட்டிவில் பதிவாகும். ஒலித்தடம் அதற்குரிய படச்சட்டத்துக்கு நேராக இருக்காது, தள்ளி இருக்கும். அதனால் ஒரு சொல் பிசகினால் அதை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது. காட்சியையே மறுபடி எடுக்க வேண்டும். ஸ்டூடியோ அருகே ரயில் பாதை என்பதால் படப்பிடிப்பும் பெரும்பாலும் இரவில்தான். மைக்கை நடிகர்களின் அருகிலேயே ஒளித்து வைத்தார்கள். மௌனப்படத்தில் கேமரா ஓடும்போதே இயக்குநர் குரல் கொடுக்கலாம். இங்கே அவர் வாயைத் திறக்கவே கூடாது. உச்சரிப்பு தடுமாறும் நடிகையை வைத்து யார் ஃபிலிமை வீணடிப்பார்கள்?

சுலோசனா ஓராண்டு ஒதுங்கி மொழி கற்றுத் திரும்பினார். 1932-ல் அவருடைய ‘மாதுரி’ பேசும் படமாக வந்தது; 1935-ல் ‘அனார்கலி’யும். கதாநாயகியாக நடித்த அதே கதை 1953-ல் மறுபடி வந்தபோது அவருக்குக் கிடைத்தது சலீமின் தாய் வேடம். பால்கே விருது 1973-ல்தான் வந்தது.

— ஒரு வாசகர்