ரசீது இல்லாமல் கேட் திறக்காது: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சபைப் போதகர் கனம் ஐயரவர்களுக்கும், நம் சபையை நடத்தும் சேகரக் கமிட்டியின் செயலர், பொருளாளர், அங்கத்தினர்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

வியாழக்கிழமை நம் சபைப் பாட்டி ஒருவரின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து கேட் முன்னால் நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. உங்களில் மூன்று பேர் குடை பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றீர்கள். அன்றைக்கே பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. துக்க வீட்டில் சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். என்னை எழுத வைத்தது அதற்கு மூன்றாம் நாள் வந்த ஞாயிறு ஆராதனை.

அது திருச்சபைச் சீர்திருத்தத்தை நினைவுகூரும் சீர்திருத்த ஞாயிறு. மனுஷன் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தினாலே நீதிமானாகிறான் என்னும் ரோமர் 3:28-ஐ ஐயரவர்கள் எடுத்துப் பிரசங்கித்தார். குறை சொல்ல முடியாத பிரசங்கம். 1517 அக்டோபர் 31, விட்டன்பர்க், லூத்தரின் 95 வாக்கியங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், பாவமன்னிப்புச் சீட்டு விற்ற டெட்செலிடம் வந்தார். பெட்டியில் காசு கணீரென்று விழுந்ததும் ஆத்துமா மேலே பறந்துவிடும் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார்களாம். சபை முழுக்கச் சிரித்தது. நானும் சிரிக்கத்தான் போனேன். வியாழக்கிழமை நனைந்த ஷூ அதுவரை காயவில்லை, உள்ளங்கால் சில்லென்றது. சிரிப்பு வரவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. சபைக்கு மாதாமாதம் கட்டும் சந்தாவின் பாக்கியைக் காரணம் காட்டி இனி யாருக்கும் துக்க மணியோ, அடக்க ஆராதனையோ, கல்லறைக் குழியோ மறுக்கப்படாது என்று கமிட்டி தீர்மானம் போட வேண்டும். இதைக் கேட்டுத்தான் இந்த மடல். மிச்சமெல்லாம் என் மனப்புழுக்கம்.

மதியம் இரண்டு மணிக்குப் பெட்டி வந்தது. கேட்டில் பூட்டு. மணி அடிக்கவில்லை. மணி அடிக்கும் கோயில் ஊழியரான கோயில்பிள்ளையைக் கேட்டால் 'பொருளாளர் சொன்னா அடிப்பேன்' என்றார். பொருளாளர் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். 41 மாதச் சந்தா, மாதம் 100 வீதம் 4,100. கல்லறைக் கட்டணம் 1,500. ஆக 5,600 ரூபாய். மகன் கையைப் பிடித்துக் கெஞ்சினான். "அடக்கத்த முடிச்சிட்டு இந்த மாசத்துக்குள்ள கட்டிடறேண்ணே." பொருளாளர் கெட்டவர் இல்லை, அவர் முகமும் செத்துத்தான் இருந்தது. "நான் என்னப்பா செய்யட்டும்? ரசீது போடாம சாவி குடுத்தா கமிட்டி என்னையல்லவா கேக்கும்?"

ஐப்பசி மழை நம் மலையில் எப்படிப் பெய்யும் என்று தெரியும். சரிவில் வெட்டி வைத்த குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. குழி வெட்டியவர் ஒரு பெயின்ட் டப்பாவால் மொண்டு மொண்டு ஊற்றினார். இந்தப் பக்கம் பெட்டியை ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் கொடுத்த தார்ப்பாயால் மூடியிருந்தோம். மணி நாலைத் தாண்டியது, மூடுபனி இறங்கியது. காட்டெருமை தோட்டத்துக்குள் வரும் நேரம் என்று வீட்டுப் பெண்கள் பயப்பட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து வந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் சேர்ந்து துண்டை விரித்தார்கள். பாதிப் பேர் நம் சபையார் கிடையாது, மாரியம்மன் கோயிலுக்கு விளக்குப் போடுகிறவர்கள். இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பத்தும் இருபதும் ஐம்பதுமாகப் போட்டார்கள். எண்ணினால் எழுநூறு குறைந்தது. ஒரு அம்மா பொருளாளரிடம் நேராகப் போய், "அத என் கணக்குல வச்சிக்குங்க சார், சனிக்கிழம வாரச்சம்பளம் வாங்கினதும் தந்துடறேன்" என்றார். பொருளாளர் ஈர நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கைக்குட்டையால் ஒற்றி, ரசீது எழுதினார். ரசீதின் தலையில் அச்சடித்திருக்கிற வசனம் உங்களுக்குத் தெரியும். உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார். பிறகு மணி அடித்தது.

வேதத்தில் அப்போஸ்தலன் பவுல் பிலேமோன் என்பவருக்கு எழுதியதும் ஏறக்குறைய அந்த அம்மா சொன்னதுதான். ஓடிப்போன அடிமை உமக்குக் கடன்பட்டிருந்தால் 'அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்.' அந்த அம்மா பவுலைப் படித்தவர் இல்லை.

இறந்தவரை நாமெல்லாம் சிலோன் பாட்டி என்போம். இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து இந்த மலைக்கு வந்தவர். இடுப்பு முறிந்து படுக்கும்வரை கொழுந்து பறித்தார். எடை குறைந்தால் தோட்டத்தில் முழுநாள் கூலி போட மாட்டார்கள், 'அரைப்பேர்' போடுவார்கள். அந்த அரைப்பேர் பயம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. அதனாலோ என்னவோ, சாயந்திரம் கடைசியில் வந்தவனுக்கும் எஜமான் முழுக்கூலி கொடுக்கிற, மத்தேயு 20-ல் வரும் திராட்சத்தோட்ட உவமைதான் அவருக்கு உயிர். "பதினோராம் மணிக்கு வந்தவனுக்கும் முழுப்பேரு போட்டாரு பாரு, அவருதான் தொரை" என்பார். விசுவாசத்தினால் நீதிமானாகிறதை இதைவிடச் சுருக்கமாக நம் பிரசங்க பீடத்திலிருந்து நான் கேட்டதில்லை.

படுக்கையில் இருந்த அந்த மூன்று வருஷமும் ஐயரவர்கள் வீட்டுக்குப் போய் அவருக்குத் திருவிருந்து கொடுத்தார், அதற்கு நன்றி. அப்போது யாரும் ரசீது கேட்கவில்லை. கர்த்தருடைய சரீரமான அந்தத் திருவிருந்து அப்பம் இலவசம், ஆறடி மண்ணுக்கு மட்டும் பாக்கியா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 'சந்தா நிலுவை உள்ளோருக்குக் கல்லறை உரிமை இல்லை' என்ற விதி பொதுக்கூட்டத்தில் வந்தபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வசதி இருந்தும் வருஷக்கணக்கில் கட்டாமல், கல்யாணத்துக்கு மட்டும் வந்து நிற்கிறவர்களை மடக்கத்தான் அது என்று நினைத்தேன். அவர்கள் யாரும் இதுவரை மாட்டவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரே செக்கில் கட்டிவிடுகிறார்கள். மாட்டியது சிலோன் பாட்டி.

கோயில் நடத்தப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. கோயில்பிள்ளைக்குச் சம்பளம், ஒழுகும் கூரை, கரண்ட் பில் எல்லாம் வானத்திலிருந்து மன்னாவாக விழாது. சந்தா வாங்குங்கள், வீடு தேடி வந்து கேளுங்கள். பிணத்தை ஜாமீன் வைத்துக் கேட்காதீர்கள்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக 'எண்ணப்பட்டது' என்கிறோமே, பவுல் எழுதிய கிரேக்கத்தில் அது கடைக்காரர்கள் பேரேட்டில் வரவு வைப்பதற்குச் சொல்லும் சொல். ரோமர் 4-ல் மட்டும் 11 தடவை வருகிறது. உழைத்தவனுக்குக் கொடுப்பது கூலி, அது கடன், கிருபை ஆகாது என்று நாலாம் வசனத்திலேயே வெட்டிவிட்டு, அடுத்த வசனத்தில் கிரியை செய்யாதவனுக்கும் வரவு வைக்கிறார். பாவியை நீதிமானாக்குகிறவரிடம் வைத்த விசுவாசமே அந்த வரவு. வருஷா வருஷம் தணிக்கை நடத்தும் நமக்கு இந்தக் கணக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை?

செயலர் உடனே வேதத்தில் யாக்கோபு நிருபத்தை எடுப்பார். போன வருஷமும் எடுத்தார். கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது, உண்மைதான். ஆனால் அதே இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தைச் சற்று வாசிக்கச் சொல்லுங்கள். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும், கந்தைக்காரனுக்கு 'நீ அங்கே நில்லு'வும் கொடுத்த சபையைத்தான் யாக்கோபு திட்டுகிறார். யாரிடம் கிரியை இல்லை என்கிறார் என்பதும் அப்போது தெரியும்.

பொன்மோதிரம் என்றால் நம் கோயிலில் அண்ணாந்து பார்த்தாலே போதும். மின்விசிறி ஒவ்வொன்றின் இறக்கையிலும் கொடுத்தவர் பெயர். இந்தக் குளிரில் மின்விசிறி எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, பெயர் எழுத இடம் வேண்டுமே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு கட்டு கேரட்டை ஆயிரங்களுக்கு எடுத்தவர் பெயரை மைக்கில் மூன்று முறை சொல்கிறீர்கள். சிலோன் பாட்டி வேலியில் காய்த்த மேரக்காயை வருஷம் தவறாமல் சாக்கில் சுமந்து வந்து பீடத்தின் ஓரம் வைத்துவிட்டுப் போவார். அந்த மேரக்காய் எந்த நோட்டிலாவது ஏறியதா? கமிட்டி எலெக்ஷனுக்கு மட்டும் படுக்கையில் கிடந்தவரைக்கூட ஜீப் வைத்துத் தூக்கி வந்தீர்களே, அன்றைக்கு நிலுவை கண்ணில் படவில்லையா?

விசுவாசத்தினால் நீதிமானாகிறது என்ற இந்த உபதேசத்துக்காகப் பிரிந்த கத்தோலிக்கரும் லுத்தரன்காரரும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் உட்கார்ந்து, நீதிமானாக்கப்படுவது கிருபையினாலேயே என்று ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். 482 வருஷத் தூரத்தை அவர்களால் கடக்க முடிந்தது. நம் பிரசங்க பீடத்திலிருந்து பொருளாளர் மேஜைக்கு முப்பது அடிகூட இருக்காது.

கோபத்தில் வார்த்தை நீண்டுவிட்டது, பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பணிவாகவே மறுபடி கேட்கிறேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், 'இதர விஷயங்கள்' என்று கடைசியில் தள்ளாமல் முதல் பொருளாக எடுத்து, நிலுவைக்காக யாருடைய மணியும் ஆராதனையும் குழியும் நிறுத்தப்படாது என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். கை தூக்கச் சொன்னால் இந்தத் தடவை நான்தான் முதல் ஆள்.

அந்த 5,600 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டுகிறேன். மகனிடம் அல்ல, துண்டு விரித்தவர்களிடம். சனிக்கிழமை சாயந்திரம் எழுநூறைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போன அம்மாவின் பெயர் உங்கள் ரசீதுப் புத்தகத்திலேயே இருக்கும்.

இப்படிக்கு,
கடைசிப் பெஞ்சில் உட்காரும் ஒரு சபையான்,
கோத்தகிரி மலைப்பக்கம்.

பி.கு.: என் சந்தா டிசம்பர் வரை கட்டியாயிற்று. நோட்டைப் புரட்டிப் பார்க்கிற நேரத்தில் மடலை இன்னொரு தடவை படித்துவிடலாம்.